ஒருவர் குரல், இன்னொருவர் முகம்: உலகை ஆடவைத்த மின்னணு நடனப் பாடல்களின் பெயரில்லாப் பாடகிகள்

பிரிட்டனின் பாடல் தரவரிசையில் 1989 இலையுதிர் காலத்தில் ஆறு வாரங்கள் முதலிடத்தில் நின்ற பாடல் 'ரைடு ஆன் டைம்'. அந்த ஆண்டு அந்நாட்டில் மிக அதிகமாக விற்ற தனிப்பாடல் இசைத்தட்டும் அதுவே. இத்தாலியைச் சேர்ந்த 'பிளாக் பாக்ஸ்' குழுவின் அப்பாடலுக்குத் தொலைக்காட்சி மேடைகளில் வாயசைத்து ஆடியவர் கேத்ரின் கினோல் என்ற பிரெஞ்சு மாடல் அழகி. ஒலித்த குரலோ அவருடையதன்று. அமெரிக்காவின் சிகாகோ நகரில் தேவாலயப் பாடல்கள் பாடி வளர்ந்த லொலேட்டா ஹாலோவே, 1980-ல் பாடிய 'லவ் சென்சேஷன்' என்ற டிஸ்கோ பாடலிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட குரல் அது. பாடகியிடம் அனுமதி கேட்கப்படவில்லை. இசைத்தட்டில் அவர் பெயரும் இல்லை.

பாடலின் தலைப்பே, ஹாலோவே பாடிய ஆங்கிலச் சொற்றொடர் ஒன்றை இத்தாலிய இசையமைப்பாளர்கள் தவறாகக் கேட்டதால் பிறந்தது என்பது இதில் ஒரு வேடிக்கை.

விவகாரம் வழக்கறிஞர்களிடம் சென்றது. ஹாலோவே தரப்புக்குப் பணம் தரப்பட்டு சமரசம் ஏற்பட்டது. பின்னர் வெளியான பதிப்புகளுக்காக வேறொரு பாடகி அதே வரிகளை அதே பாணியில் மறுபடியும் பாடினார். அவரே பிற்காலத்தில் 'எம் பீப்பிள்' குழுவின் மூலம் புகழ்பெற்ற ஹெதர் ஸ்மால். அவர் பெயரும் அந்த இசைத்தட்டில் இடம்பெறவில்லை. ஒரே பாடலுக்கு இரண்டு பாடகிகள் குரல் கொடுத்தும், மக்கள் அறிந்த முகம் மூன்றாமவருடையதாகவே இருந்தது.

கருவி தந்த வசதி

எண்பதுகளின் பிற்பகுதியில் இத்தகைய பாடல்கள் பெருகியதற்குத் தொழில்நுட்பமே முதற்காரணம். ஒலித்துணுக்குகளைப் பதிந்துவைத்து, விசைப்பலகையின் ஒரு விசையை அழுத்தியதும் விரும்பிய சுருதியில் ஒலிக்கச் செய்யும் 'சாம்ப்ளர்' கருவி, அக்காலத்தில்தான் சிறிய ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் எட்டும் விலைக்கு வந்தது. டிரம் மெஷினும் சிந்தசைசரும் அதனுடன் சேர்ந்தபோது, வாத்தியக் கலைஞர் எவரும் இன்றி இரண்டு மூன்று பேர் ஓர் அறையில் அமர்ந்து முழுப் பாடலையும் உருவாக்க முடிந்தது. சிகாகோவில் தோன்றிய 'ஹவுஸ்' இசை ஐரோப்பாவுக்குப் பரவியதும் இந்த வழியில்தான்.

அவர்களால் கருவியில் உருவாக்க முடியாத ஒன்று, தேவாலயங்களிலும் டிஸ்கோ மேடைகளிலும் பல்லாண்டு பயின்ற பெண்குரலின் வலிமை. அதைப் பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்தார்கள். இல்லையேல் ஒரு பாடகியை அழைத்து, மாதிரிப் பதிவு என்று சொல்லி, ஒரே தவணையில் கூலி கொடுத்து அனுப்பினார்கள். டி.ஜே.க்களான தயாரிப்பாளர்கள் மேடைக்குப் பழகியவர்கள் அல்லர். ஆகவே தொலைக்காட்சிக்கென இளமையும் ஒல்லியான உடல்வாகும் கொண்ட ஒரு முகம் தேடப்பட்டது.

மார்த்தா வாஷ் தொடுத்த வழக்குகள்

இந்த வழக்கத்தால் மிகுதியாக இழந்தவரும், அதை எதிர்த்து வென்றவரும் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த மார்த்தா வாஷ். சில்வெஸ்டரின் பின்னணிப் பாடகியாகத் தொடங்கிய இவர், 1982-ல் இஸோரா ஆர்ம்ஸ்டெட்டுடன் 'வெதர் கேர்ள்ஸ்' என்ற பெயரில் 'இட்ஸ் ரெய்னிங் மென்' பாடலைப் பாடிப் புகழ்பெற்றவர். அப்படிப்பட்டவரின் குரல்தான் 1990-ல் வெளியான பிளாக் பாக்ஸ் குழுவின் 'டிரீம்லேண்ட்' தொகுப்பில் 'எவ்ரிபடி எவ்ரிபடி', 'ஸ்ட்ரைக் இட் அப்' உள்ளிட்ட பாடல்களில் பெயரின்றி ஒலித்தது. காணொளிகளில் வாயசைத்தவர் மீண்டும் கினோல்.

அதே ஆண்டின் இறுதியில் 'சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி' குழுவின் 'கோனா மேக் யூ ஸ்வெட்' வெளியாகி, 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் முதலிடம் பிடித்தது. எல்லோரையும் ஆட அழைக்கும் அந்த உரத்த பல்லவி வாஷ் பாடியது. வேறொரு பதிவுக்கென அவர் பாடிக் கூலி பெற்ற குரலை வெட்டி ஒட்டியிருந்தனர். காணொளியில் தோன்றிய ஸெல்மா டேவிஸ், அக்குழுவின் வேறு பாடல்களைத் தாமே பாடியவர். எனவே பழியை அவர்மீது சுமத்துவது நியாயமாகாது. தமது உடற்பருமன் காரணமாகவே தாம் மறைக்கப்பட்டதாக வாஷ் பிற்காலத்தில் கூறினார்.

வாஷ் இரண்டு தரப்பினர் மீதும் வழக்குத் தொடுத்தார். பிளாக் பாக்ஸ் விவகாரத்தில் ஆர்.சி.ஏ. நிறுவனம் சமரசம் செய்துகொண்டதுடன், தனிப்பாடகியாக அவருக்கு ஒப்பந்தமும் அளித்தது. அவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட தொகுப்பு 1993-ல் வெளியானது. இன்னொரு வழக்கு 1994-ல் சோனி நிறுவனத்துடன் சமரசத்தில் முடிந்தது. அதன்படி, குரல் மார்த்தா வாஷ் உடையது, திரைத்தோற்றம் ஸெல்மா டேவிஸ் உடையது என்ற குறிப்பைக் காணொளியில் சேர்க்குமாறு எம்.டி.வி.க்குத் தெரிவிக்கப்பட்டது. நடன இசைத்தட்டுகளில் பாடகியின் பெயரை அச்சிடும் வழக்கம் அமெரிக்காவில் உறுதிப்பட்டதற்கு இவ்வழக்குகளே முக்கியக் காரணமாகக் கருதப்படுகின்றன.

ஹாலோவேக்கும் காலம் சற்று இரங்கியது. அதே 'லவ் சென்சேஷன்' குரலைப் பயன்படுத்தி 1991-ல் மார்க்கி மார்க் குழு வெளியிட்ட 'குட் வைப்ரேஷன்ஸ்' அமெரிக்காவில் முதலிடம் பெற்றபோது, பாடலில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. காணொளியிலும் அவரே தோன்றினார். 2011-ல் அவர் காலமானார்.

ஐரோப்பாவின் பழைய பழக்கம்

பெல்ஜியத்தின் 'டெக்னோட்ரானிக்' 1989-ல் வெளியிட்ட 'பம்ப் அப் த ஜாம்' பாடலின் உறையிலும் காணொளியிலும் ஃபெல்லி என்ற மாடல் இருந்தார். பாடியவர் காங்கோவில் பிறந்த யா கிட் கே. அடுத்தடுத்த பாடல்களில் அவரே திரையில் தோன்றினார். இன்றும் திருமண விருந்துகள் வரை ஒலிக்கும் 'தி ரிதம் ஆஃப் தி நைட்' 1993-ல் இத்தாலியில் உருவானது. 'கொரோனா' என்ற பெயரில் உலகம் சுற்றியவர் பிரேசிலைச் சேர்ந்த ஓல்கா சோசா. பாடியவர் ஜென்னி பி. 2000-ஆம் ஆண்டு சான்ரெமோ இசைவிழாவில் புதியவர்களுக்கான பிரிவில் ஜென்னி பி வென்றபோது, அந்தக் குரலை உலகம் ஏழு ஆண்டுகளாகக் கேட்டு ஆடிக்கொண்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தியாவில் கேசட் காலத்திலேயே வீடுகளுக்குள் நுழைந்துவிட்ட 'போனி எம்' குழுவின் கதையும் இதுவே. மேடையில் துள்ளி ஆடிய பாபி ஃபாரலின் கனத்த ஆண்குரல், இசைத்தட்டுகளில் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் பாடியது. அதே ஃபாரியன் உருவாக்கிய 'மில்லி வனில்லி' இணையர் தங்கள் பாடல்களைப் பாடவே இல்லை என்பது வெளியானதும், 1990 நவம்பரில் அவர்களது கிராமி விருது திரும்பப் பெறப்பட்டது.

இந்தியாவில் பெயர் வந்த வழி

பின்னணிப் பாடல் முறைக்குப் பழகிய இந்திய ரசிகருக்கு, ஒருவர் பாட இன்னொருவர் வாயசைப்பது மோசடியாகத் தோன்றுவதில்லை. பாடியவர் யார் என்பது இங்கு ஊரறிந்த செய்தி. ஆயினும் இங்கும் பெயர் எளிதில் வந்துவிடவில்லை. 1949-ல் வெளியான 'மஹல்' இந்தித் திரைப்படத்தின் புகழ்பெற்ற பாடலுக்கு, முதலில் வந்த இசைத்தட்டில் பாடகியாக அச்சிடப்பட்ட பெயர் காமினி. அது படத்தில் மதுபாலா ஏற்ற கதாபாத்திரத்தின் பெயர். அகில இந்திய வானொலிக்கு நேயர்கள் கேட்டு எழுதிய பிறகே லதா மங்கேஷ்கரின் பெயர் வெளிவந்தது. பிலிம்பேர் விருதுகளில் பின்னணிப் பாடலுக்கென ஒரு பிரிவு 1959-ல்தான் ஏற்பட்டது.

காப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் கலைஞர்களின் நிகழ்த்துரிமை சேர்க்கப்பட்டது. 2012 திருத்தம், நிகழ்த்தியவர் தாமே எனத் தம்மை அடையாளப்படுத்துமாறு கோரும் உரிமையையும், வணிகப் பயன்பாட்டில் உரிமத்தொகை பெறும் உரிமையையும் வழங்கியது. மறு ஆண்டு பாடகர்களுக்கென 'இஸ்ரா' என்ற காப்புரிமைச் சங்கம் பதிவு பெற்றது.

அன்று குரலைத் திருட ஒரு பழைய இசைத்தட்டேனும் தேவைப்பட்டது. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், பாடகர் ஒருபோதும் பாடாத பாடலையும் அவர் குரலில் உருவாக்குகின்றன. தமது குரலை அவ்வாறு போலி செய்வதை எதிர்த்துப் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அவரது பெயரையும் குரலையும் அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடை விதித்து 2024 ஜூலையில் மும்பை உயர்நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.