சேஷாத்திரி, டி. ஆர். (1900–1975)

கரிம வேதியியல் பேராசிரியர். தாவர நிறமி ஆய்வில் முன்னோடி. 1900 பிப்ரவரி 3 அன்று குளித்தலையில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, அங்கேயே பி. பி. டேயிடம் ஆய்வு பழகினார். 1927இல் இங்கிலாந்து சென்று மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் முனைவர் பட்டம் பெற்றார். ஆஸ்திரியாவில் கிராஸ் நகரில் பிரேகலிடம் நுண்பகுப்பு கற்றார்.

1930இல் நாடு திரும்பிக் கோயம்புத்தூர் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். அங்கிருந்து 1930களின் நடுவில் வால்டேரிலுள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கு வேதியியல் துறைத் தலைவராகச் சென்றார்.

கே. நீலகண்டத்துடன் பருத்திப் பூக்களை ஆராய்ந்தது இக்காலத்தில்தான். கம்போடியா, உப்பம், கருங்கண்ணி என வகைவகையாகப் பூவிதழ்களைச் சேகரித்து உலர்த்தி, சாராயத்தில் ஊறவைத்துச் சாறிறக்கி, மஞ்சள் நிறமிகளைப் பிரித்தார்கள். கம்போடியாப் பூ மலரும்போது வெளிர் மஞ்சள், மறுநாளே சிவந்துவிடும். ஆகவே பறிக்கும் பொழுதும் கணக்கில் சேரும். உப்பமும் கருங்கண்ணியும் ராஜபாளையத்துக்குக் கிழக்கே சாத்தூர், கோவில்பட்டி வரை விரிந்த கரிசலுக்குப் பழக்கமானவை. இரண்டும் கலந்து 'திருநெல்வேலிப் பருத்தி' என்று விலைபோயின. 1936இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையத்தில் நூற்பாலை தொடங்கினார். பஞ்சுக்கு ஆலை வந்த அந்த ஆண்டுகளில் பூவுக்கு ஆய்வுக்கூடம் கிடைத்தது. உப்பம் பூவிலிருந்து ஹெர்பசெட்டின் என்னும் புதிய நிறமி வெளிப்பட்டது. பின்னாளில் அவர் குழு, காரக் கரைசலில் பெர்சல்பேட்டைக் கொண்டு குவர்செட்டின் என்னும் தாவர நிறமியுடன் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்த்து, அதைப் பருத்திப் பூவின் மற்றொரு மஞ்சள் நிறமியான காசிபெட்டினாகவே மாற்றிக் காட்டியது. செடியும் இதே வழியைத்தான் பின்பற்றுகிறது என்று சேஷாத்திரி கருதினார். நிறமிகள் செடியில் உருவாகும் முறை பற்றிய அவரது வரைவைப் பிற்காலக் கதிரியக்கத் தடமறி ஆய்வுகள் ஓரளவு ஆதரித்தன. படிகளின் வரிசை பற்றிக் கருத்து ஒன்றுபடவில்லை.

கல்பாசி இனங்களின் வேதியியலும் வால்டேரில் தொடங்கியதே. சமையலறையில் மணத்துக்குப் போடும் பொருளுக்கு இத்தனை கட்டுரைகள் வேறெவரும் எழுதியிருப்பார்களா என்பது ஐயமே. 1942இல் விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்தபின் பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம்பெயர்ந்தது, ஆய்வு நிற்கவில்லை.

1949இல் தில்லிப் பல்கலைக்கழகம் சென்றார். 1960இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1963இல் பத்மபூஷண். 1965 முதல் தகைசால் பேராசிரியர். 1975 செப்டம்பரில் காலமானார். இந்திய தேசிய அறிவியல் அகாதமி அவரது எழுபதாம் பிறந்தநாள் நினைவாக ஒரு பதக்கத்தை நிறுவியது.