பரணில் கிடக்கும் நாட்டுத் துப்பாக்கி

எங்க சின்னசேலத்துக்கு வடமேற்கே இருக்கிற கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. சாமையை, தினையைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க, அங்கே நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். குழாய் வாய் வழியா கருமருந்தும் குண்டும் போட்டு இடிச்சுக் கெட்டிக்கிறது. 1878 ஆயுதச் சட்டம் உரிமம் கேட்டது. 1959 சட்டமும் கேட்குது.

1813-ல் பர்மிங்காமில் சோதனைச்சாலை வந்தது. கூடுதல் மருந்து போட்டு, ஆள் விலகி நின்று வெடிச்சு, தாங்கின குழாய்க்குத்தான் முத்திரை. நம்ம பட்டறைக் குழாய்க்கு அது கிடையாது. உள்ளே துரு அரிச்சிருக்கும். தாத்தா கெட்டிச்ச மருந்தே இன்னும் இருக்கலாம். காய்ஞ்ச கருமருந்து எத்தனை வருஷமானாலும் பத்திக்கும். ‘சும்மா வெடிச்சுப் பார்ப்போம்’னு தோளில் வச்சா, குழாய் பிளக்கிறது கன்னத்துக்குப் பக்கத்துல.

ஊர்ல அப்படி ஒண்ணு கண்ணில் பட்டா, குழாய்க்கு முன்னால நிற்காதீங்க, குதிரையைத் தொடாதீங்க. இருந்த இடத்துலயே விட்டுட்டு ஸ்டேஷனுக்குச் சொல்லுங்க.