எண்ணூர் அனல்மின் நிலையமும் தொழிற்சங்கங்களின் விரைவுக் கோரிக்கையும்

வடசென்னையின் தொழில் வரலாற்றை எழுதப் புகுந்தோர் இராயபுரத்தை அடுத்த துறைமுகத்தையும் பெரம்பூர் ஆலைகளையும் விரித்துரைத்து, மின்னாற்றலைச் சில வரிகளில் கடந்துவிடுவது வழக்கமாயுள்ளது. மின்திட்டங்களுக்கு அரசு விரைந்து இசைவு நல்குதல் வேண்டும் என்னும் கோரிக்கை முதலாளிகளுடையது மட்டுமன்று, தொழிலாளருடையதும் ஆகும். அமெரிக்க நாட்டுக் கட்டுமானத் தொழிற்சங்கங்கள் இதனை வெளிப்படையாகவே கேட்டு வருகின்றன. ஆயினும் அங்கும் தொழிலாளர் ஒருமுகப்பட்டாரல்லர். கீசுட்டோன் எண்ணெய்க் குழாய்த் திட்டத்தைக் கட்டுமானத் தொழிலாளர் சங்கம் ஆதரித்து நிற்க, போக்குவரத்துத் தொழிலாளர் சங்கங்கள் இரண்டு 2011-ஆம் ஆண்டில் அதனை எதிர்த்தன.

நம் நாட்டு மின்வாரியத் தொழிற்சங்கங்களின் கோரிக்கை சற்று வேறுபட்டது. தனியாரிடம் மின்சாரம் வாங்குவதை விடுத்து, வாரியத்தின் சொந்த நிலையங்களை விரைந்து கட்டி முடித்தல் வேண்டும் என்பதே அவர்தம் வாதம். இதன் வேர் பழையது. சென்னை நகர்க்கு மின்சாரம் வழங்கி வந்த ஆங்கிலக் கம்பெனியை அரசு 1947-இல் ஏற்றது. 1957-இல் மின்வாரியம் தோன்றியது. 1970 முதல் 1975 வரை எண்ணூரில் ஐந்து பொறிகள் அடுத்தடுத்து இயங்கத் தொடங்கி 450 மெகாவாட்டுத் திறனுடைய நிலையம் உருப்பெற்றது. அந்நிலையம் 2017 மார்ச்சு 31-ஆம் நாள் மூடப்பெற்றது. அதன் அருகே எழ வேண்டிய 660 மெகாவாட்டு விரிவாக்கம் அன்றுவரை முடிவுறவில்லை. இத்தாழ்வுக்குக் காரணம் இசைவு முறைதானா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

இசைவு முறையை அண்மைக்காலச் சுற்றுச்சூழற் சட்டங்களின் விளைவெனக் கருதுவோர் பலர். அது பொருந்தாது. 1910-ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டத்திலேயே, உரிமம் கோருவோர் அறிவிப்பு வெளியிடல் வேண்டும் என்றும், மூன்று திங்களுக்குள் வரும் மறுப்புகளை ஆராய்ந்த பின்னரே உரிமம் வழங்கப்பெறும் என்றும் விதி உண்டு. 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் பெருந்திட்டங்களை அரசிதழில் வெளியிட்டு, கருத்துரைக்க இரண்டு திங்களுக்குக் குறையாத காலம் தரப் பணித்தது. ஆகவே காத்திருத்தல் புதிதன்று, பேசுவோரே புதியர். முதற்சட்டம் பிறந்த நாளில் சென்னையில் தொழிற்சங்கம் என ஒன்று வேரூன்றியிருக்கவில்லை. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-இல் தோன்றியது. சிங்காரவேலர் துணைநின்ற பர்மா எண்ணெய்க் கம்பெனி வேலைநிறுத்தம் நிகழ்ந்தது 1927-இல். அவற்றிலெல்லாம் பேசப்பட்டவை கூலியும் வேலை நிலைமையுமே; நிலையம் எங்கே அமைதல் வேண்டும் என்னும் வினா தொழிலாளர் முன் வைக்கப்பெறவில்லை. மீனவரிடம் அதனைக் கேட்பார் எவர்? 1997-ஆம் ஆண்டு அறிவிக்கையே பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தைக் கட்டாயமாக்கியது. 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை அதனை 45 நாட்களில் முடிக்குமாறு வரையறுத்தது.

இனி விரிவாக்கத்தின் காலவரிசையை நோக்குவோம். சுற்றுச்சூழல் இசைவு 2009 சூனில் கிடைத்தது. கட்டுமான ஒப்பந்தம் இலாங்கோ நிறுவனத்திற்கு 2014-இல்தான் அளிக்கப்பெற்றது. இசைவு கைக்கு வந்தபின் ஐந்தாண்டு கழிந்துள்ளது. சட்டம் கூட்டத்திற்கு அளித்த 45 நாட்களை இதனோடு வைத்து எண்ணுக. அந்நிறுவனம் 2017-இல் நொடிப்பு நடவடிக்கைக்கு உட்பட்டது. 2019-இல் பணி வேறொரு நிறுவனத்தின்பாற் சென்றது. அங்கும் தடை நேர்ந்தது. இவ்வாறு காலங்கழியவே பழைய இசைவின் ஆயுளும் முடிந்து, புதியதொன்றை நாட வேண்டியதாயிற்று. எனவே, காலந்தாழ்த்தியது இசைவன்று. தாழ்ந்த காலமே இசைவைத் தின்றுவிட்டது. இதற்கு மாறாக, அதே பகுதியில் 2016-இல் ஒப்பந்தமான வடசென்னை மூன்றாம் நிலை 800 மெகாவாட்டு நிலையம் 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பெற்றது. அதுவும் விரைவு எனக் கூறத்தக்கதன்று, எனினும் முடிந்தது.

ஆதலின் சங்கங்களின் குறை மெய்யானது. அதற்குரிய இடம் ஒப்பந்தமும் நிதியுமே என்பது எம் கருத்து. கருத்துக்கேட்பைச் சுருக்குக எனின், இழப்பு அயலாருக்கன்று. வடசென்னை நிலையத்தின் சாம்பற்குழாய் கசிந்து கொசத்தலையாற்றுக் கழிமுகத்திற் படிந்த சாம்பலால் இறாலும் மீனும் இழந்தோர் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் வாழ் மக்களாவர். அவரும் உழைப்பாளரே, ஆயின் அவர்க்கு வருகைப்பதிவேடு இல்லை. இவ்வேறுபாட்டைத் தொழிற்சங்க வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கவனித்திலர்.

விரிவாக்கத்திற்கான கருத்துக்கேட்பு 2024 திசம்பரில் எர்ணாவூரில் நடைபெற்றது. 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, இத்தகைய கூட்டத்தில் எழும் கருத்துகளைத் தொகுத்து, இறுதியில் வட்டார மொழியில் அவையோர்க்கு விளக்கிப் படித்துக் காட்டுதல் வேண்டும். எண்ணூர் வட்டார மக்களின் உழைப்பு வரலாற்றை அவர்தம் சொல்லிலேயே ஆராய விழையும் மாணவர், தொழிற்சங்க ஏடுகளோடு இக்கூட்டப் பதிவுகளையும் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது.