பார்க்கும் எழுத்தும் படிக்கும் எழுத்தும்

குன்னத்தைச் சுற்றியுள்ள பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் எழுத்து நெடுங்காலம் கட்டடத்தின் உறுப்பாக இருந்தது. பழுவேட்டரையர் காலத்துக் கீழையூர் இரட்டைக்கோயிலிலும், முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்திலும் கொடைச் செய்திகள் கற்சுவரிலேயே வெட்டப்பட்டன. சோழர் கோயில்களில் இவ்வரிகள் சுவரிலும் அதிட்டானம் எனப்படும் அடித்தளத்திலும் பட்டைபோல ஓடுகின்றன.

கோயிலை வலம் வருபவருக்குச் சுவர் வலப்பக்கம் இருக்கும். அதை நோக்கித் திரும்பினால் அவர் நடக்கும் திசை இடப்புறமாகிறது. தமிழ் வரியோ இடமிருந்து வலமாகச் செல்கிறது. நீண்ட வரியைப் படிக்க வேண்டுமானால் வந்த வழியே திரும்ப வேண்டும். நடப்பவர் கண்ணுக்கு முதலில் தெரிவது எழுத்துகளின் வரிசையழகுதான். அந்த வரிசையிலும் தொடக்கத்தையும் முடிவையும் கண்டுகொள்ள அடையாளங்கள் உண்டு: கிரந்த எழுத்தில் வரும் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' தொடக்கத்தையும், 'பன்மாஹேஸ்வர ரக்ஷை' முடிவையும் காட்டும்.

படிப்பவருக்கு வேலை அதிகம். சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், கல்வெட்டிலும் ஓலையிலும் அது பெரும்பாலும் இடப்படவில்லை. அம்முறையில் குன்னம் 'குனனம' என்றே நிற்கும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு இல்லாததால், 'செந்துறை' என்ற ஊர்ப்பெயரைச் 'சேந்துறை' என்றும் படிக்கலாம். ஊரையும் செய்தியையும் அறிந்தவரே சரியாகப் படித்தனர்.

இக்குழப்பத்தை நீக்கிய மாற்றமும் இவ்வட்டாரத்தோடு தொடர்புடையது. ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றிய வீரமாமுனிவர் (1680–1747) குறிலுக்கு ஒற்றைக்கொம்பும் நெடிலுக்கு இரட்டைச்சுழிக் கொம்பும் வகுத்தார். ஏகாரத்துக்குக் கீழே ஒரு கோடும் ஓகாரத்துக்கு ஒரு சுழியும் சேர்த்தார். ஒரு சிறு கோடு இரண்டு ஒலிகளைக் கண்ணுக்குப் பிரித்துக் காட்டியது.

தமிழ் அச்சு அவருக்கு முன்பே, 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலிலேயே தமிழ் எழுத்துருவைக் கண்டிருந்தது. பின்னாளில் அச்சு பரவியபோது புள்ளியும் சொல்லிடைவெளியும் வழக்காயின. புதிய கொம்புகளும் நிலைத்தன. கடைசிப் பெரிய மாற்றம் 1978இல் வந்தது. பெரியார் 1930களிலேயே தம் இதழ்களில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழக அரசு ஏற்று, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தும்பிக்கை வடிவத்தையும் ணா, றா, னா ஆகியவற்றின் சுழிவடிவத்தையும் நீக்கியது. இதனால் அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சுக்கும் வேண்டிய எழுத்துகள் குறைந்தன. அதற்கு முன் எழுதப்பட்ட பெயர்ப்பலகையின் காலத்தை அந்தத் தும்பிக்கையே சொல்லிவிடும்.