எக்ஸ்ஃப்ரீ86: கதவைச் சாத்திக்கொண்ட குழு

2000களின் தொடக்கத்தில் லினக்ஸ் நிறுவிப் பார்த்தவர்களுக்கு எக்ஸ்ஃப்ரீ86 என்ற பெயர் மறந்திருக்காது. திரையில் சாளரம், சுட்டி, எழுத்து என்று எது தெரிந்தாலும் அதற்குப் பின்னால் இருந்தது இந்த மென்பொருள்தான். இன்று அது இல்லை. அதை வீழ்த்தியது எந்தப் போட்டி நிறுவனமும் அல்ல, உள்வீட்டுச் சண்டை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. சாதாரண இன்டெல் 386 கணினிகளில் அது ஓடுவதற்காக எழுதப்பட்டது எக்ஸ்386. அதில் இருந்த பிழைகளைத் திருத்த 1992ல் டேவிட் டாஸ் உள்ளிட்ட நான்கு பேர் சேர்ந்தார்கள். 'த்ரீ' என்பதை 'ஃப்ரீ' என்று மாற்றி எக்ஸ்ஃப்ரீ86 எனப் பெயர் வைத்தார்கள். 1998ல் எக்ஸின் உரிமையாளரான ஓப்பன் குரூப் தன் உரிம விதிகளை இறுக்கியபோது, இந்தத் தன்னார்வலர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். சில மாதங்களில் ஓப்பன் குரூப்பே பின்வாங்கியது.

இவ்வளவு நல்ல குழுவுக்கு என்ன ஆனது? பல ஆண்டுகள் ஒன்றாக உழைத்தவர்கள் 'கோர் டீம்' என்ற சிறு வட்டமாக இறுகிப்போனார்கள். முடிவுகள் அந்த வட்டத்துக்குள்ளேயே எடுக்கப்பட்டன. மூல நிரலில் மாற்றம் செய்யும் உரிமை மிகச் சிலருக்கே இருந்தது. வெளியிலிருந்து திருத்தம் அனுப்பியவர்கள் காத்துக் கிடந்தார்கள்.

அதே வட்டத்தில் இருந்தவர் கீத் பேக்கார்ட். திரையில் எழுத்துகள் வழவழப்பாகத் தெரிய உதவிய ரெண்டர் நீட்சியை எழுதியவர். நிர்வாகம் மாற வேண்டும் என்று அவர் வெளியாட்களுடன் பேசத் தொடங்கினார். தனிக்குழு அமைக்க ரகசியமாக ஆள் சேர்க்கிறார் என்று சொல்லி, 2003 மார்ச்சில் கோர் டீம் அவரை வெளியேற்றியது. குறையைக் கேட்பதைவிடக் குறை சொன்னவரை அனுப்புவது சுலபமாக இருந்தது! ஆனால் அதுவரை உள்ளுக்குள் புகைந்தது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. 2003 டிசம்பர் இறுதியில் கோர் டீம் வாக்கெடுத்துத் தன்னையே கலைத்துக்கொண்டது.

அதோடு முடியவில்லை. 2004 பிப்ரவரியில் வந்த 4.4 பதிப்புக்கு, நன்றி அறிவிப்பு கட்டாயம் என்ற புதிய உரிமம் வைக்கப்பட்டது. அது ஜி.பி.எல். உரிமத்தோடு ஒத்துப்போகாது என்றது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை. ரெட் ஹாட், டெபியன், ஓப்பன்பிஎஸ்டி எல்லாம் அந்தப் பதிப்பை ஒதுக்கின. 1998ல் எதை எதிர்த்து ஜெயித்தார்களோ, அதையே ஆறு வருடத்தில் தாங்களும் செய்தார்கள்.

இதற்குள் 2004 ஜனவரியில் எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளை தொடங்கப்பட்டிருந்தது. உரிமம் மாறுவதற்கு முந்தைய நிரலை எடுத்து, ஏப்ரலில் எக்ஸ்11ஆர்6.7 பதிப்பை அது வெளியிட்டது. பேக்கார்டும் பழைய பங்களிப்பாளர்கள் பலரும் அங்கே போனார்கள். லினக்ஸ் வழங்கல்களும் பின்னால் போயின. எக்ஸ்ஃப்ரீ86ன் கடைசிப் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தபோது கவனித்தவர்கள் வெகு சிலர்.

திறந்த மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். அதனால் அங்கே ஒரு குழுவின் கையில் உண்மையில் இருக்கும் சொத்து மற்றவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை மட்டுமே. பன்னிரண்டு வருடம் சேர்த்த அந்தச் சொத்து கரைய ஒரே ஒரு வருடம் போதுமானதாக இருந்தது.