மெலிந்த சிகரெட், மென்மையான சொற்கள்

1929 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ ஊர்வலத்தில் சில இளம்பெண்கள் சிகரெட் பற்றவைத்தார்கள். தெருவில் பெண் புகைப்பது ஒழுக்கக்கேடு என்று கருதப்பட்ட காலம் அது. அந்தச் சிகரெட்டுகளுக்குச் 'சுதந்திர தீபங்கள்' என்று பெயர். பார்ப்பதற்குப் பெண்களின் கலகம். ஏற்பாடு செய்தவரோ எட்வர்ட் பெர்னேஸ், சிக்மண்ட் ஃபிராய்டின் தங்கை மகன். அவருக்குப் பணம் கொடுத்தது, லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டை விற்ற அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம். அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமை அரசியல் சட்டத்தில் ஏறி அப்போது 9 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பெண்கள் போராடிச் சேர்த்த சொற்கள் இவ்வளவு சீக்கிரம் கடைக்கு வந்துவிட்டன.

பெண் புகைக்கலாமா என்ற கேள்வி இங்கே எனக்கு முக்கியமில்லை. ஆண் புகைக்கும் தெருவில் பெண்ணுக்கு மட்டும் தடை போடுபவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. நான் பின்தொடர விரும்புவது வேறொன்றை: 'இது அதைவிடப் பாதுகாப்பானது' என்ற வாக்கியம் யாரிடம், எப்போது சொல்லப்பட்டது என்பதை.

1950இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளிவந்த ஆய்வுகள் சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்துக் காட்டின. கம்பெனிகள் தந்த பதில் ஃபில்டர். 1952இல் வந்த கென்ட் சிகரெட் தன் ஃபில்டரைப் பெரிய பாதுகாப்பு என்று விளம்பரப்படுத்தியது. அதில் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ். நான்கு ஆண்டுகள் அப்படியே விற்றார்கள்.

பிறகு 'லைட்', 'மைல்ட்' வகைகள் வந்தன. இவற்றின் ஃபில்டரைச் சுற்றி ஊசிமுனை அளவுத் துளைகள் உண்டு. சோதனை இயந்திரம் இழுக்கும்போது துளைகள் வழியே காற்று கலந்து, தாரின் அளவு குறைவாகப் பதிவாகும். மனிதரோ விரலாலும் உதட்டாலும் துளைகளை மூடிவிடுவார். நிகோட்டின் போதவில்லை என்றால் இன்னும் ஆழமாக இழுப்பார். இயந்திரத்துக்குத்தான் அது லைட். புகைப்பதை விட்டுவிடலாமா என்று தயங்கியவர்களுக்கு, விடாமல் இருப்பதற்கு அது ஒரு காரணமாயிற்று. பெண்கள் இந்த வகைகளை அதிகம் நாடினார்கள்.

1968இல் ஃபிலிப் மோரிஸ் நிறுவனம் பெண்களுக்கென்றே வர்ஜீனியா ஸ்லிம்ஸைக் கொண்டுவந்தது. நீளமானது, மெலிந்தது. பெண்கள் வெகுதூரம் முன்னேறிவிட்டார்கள் என்பதே விளம்பரத்தின் தொனி. அப்படி முன்னேறிய பெண்ணை 'பேபி' என்று கூப்பிட்டதையும் கவனியுங்கள். ஆண்களுக்கு இணையான பரிசுத்தொகை கேட்டுப் பிரிந்துவந்த பெண் டென்னிஸ் வீராங்கனைகளின் போட்டிகளுக்குப் பணம் கொடுத்ததும் இதே சிகரெட்தான். உண்மையான ஒரு போராட்டத்துக்கு வேறு யாரும் கைகொடுக்காத நேரத்தில் அது கைகொடுத்தது. இந்த வரலாற்றைக் கறுப்பு வெள்ளையாக எழுத முடியாமல் போவது இங்கேதான். 1987 வாக்கில் அமெரிக்கப் பெண்களிடையே நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகள் மார்பகப் புற்றுநோய்ச் சாவுகளை மிஞ்சின. 'லைட்' என்ற சொல் மக்களை ஏமாற்றியது என்று 2006இல் தீர்ப்பெழுதியவர் கிளாடிஸ் கெஸ்லர் என்ற பெண் நீதிபதி.

"வேப் சிகரெட்டைவிடப் பரவாயில்லைதானே, மேடம்?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். பரவாயில்லைதான், ஏற்கெனவே சிகரெட் புகைப்பவருக்கு. மின்சிகரெட்டில் புகையிலை எரிவதில்லை. அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டாவதில்லை. 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, இதன் தீங்கு 95 சதவீதம் குறைவு என்று மதிப்பிட்டது. அந்த எண்ணின் அடிப்படை பலவீனமானது என்று லான்செட் இதழ் விமர்சித்தது. 2019இல் 886 பேரிடம் நடந்த பிரிட்டிஷ் ஆய்வில், மின்சிகரெட் எடுத்தவர்களில் 18 சதவீதத்தினர் ஓராண்டு கழித்தும் சிகரெட்டைத் தொடாமலிருந்தார்கள். நிகோட்டின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றை எடுத்தவர்களில் 9.9 சதவீதத்தினர். ஆனால் அந்த 18 சதவீதத்தினரில் ஐந்தில் நான்கு பேர் மின்சிகரெட்டை விட்டிருக்கவில்லை.

சிகரெட்டையே தொடாத 19 வயதுப் பெண்ணுக்கு இந்த ஒப்பீடு எதற்கு? அவளுக்குச் சிகரெட்டும் வேண்டாம், வேப்பும் வேண்டாம் என்ற மூன்றாவது வழி இருக்கிறது. அதை விளம்பரம் சொல்லாது. ஃபிலிப் மோரிஸின் தாய் நிறுவனம் பின்னாளில் ஆல்ட்ரியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2018இல் அது 1,280 கோடி டாலர் கொடுத்து ஜூல் என்ற மின்சிகரெட் நிறுவனத்தின் 35 சதவீதப் பங்கை வாங்கியது. வர்ஜீனியா ஸ்லிம்ஸை விற்ற அதே குடும்பம்.

இந்தியா 2019இல் மின்சிகரெட்டை முழுவதுமாகத் தடைசெய்தது. சிகரெட்டும் பீடியும் பெட்டிக்கடையில் முன்போலவே கிடைக்கின்றன. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் போனால், வீட்டுத் திண்ணையில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு பீடிகூடப் புகைத்திராதவர்கள். புகையிலைத் தூள் மூச்சில் போகிறது, நிகோட்டின் விரல்தோல் வழியே உடம்பில் ஏறுகிறது, பக்கத்தில் பிள்ளை தூங்குகிறது. எது எதைவிடப் பாதுகாப்பானது என்ற விவாதத்தில் இவர்களை யாரும் இன்னும் எந்தப் பக்கத்திலும் சேர்க்கவில்லை.