கூரை மாத்தற காசு யாரோடது?

ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம் பள்ளிக்கூடச் சரித்திரம் எழுதுகிறவர்கள், எந்த வருசம் கட்டினார்கள், யார் திறந்து வைத்தார்கள் என்று எழுதுவார்கள். ஊரின் எந்தப் பக்கம் கட்டினார்கள், காசு எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று எழுதமாட்டார்கள். நான் அந்த இரண்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். சேரியில் பிறந்தவனுக்குப் பள்ளிக்கூடம் என்பது முதலில் பாடம் இல்லை, இடம்.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபிறகு இந்தச் சீமை கம்பெனி கைக்குப் போனது. 1824இல் மத்திகிரியில் பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்கப் பண்ணை வைத்தார்கள். இன்றைக்கும் அது கால்நடைப் பண்ணையாக ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல் கிடக்கிறது. குதிரைக்கு லாயம் கட்ட சர்க்காரிடம் காசு இருந்தது. எங்க பாட்டன் பூட்டனுக்கு எழுத்துச் சொல்லித்தர ஒரு கீத்துக் கொட்டகைக்குக் காசு இல்லை.

1884இல் சென்னை மாகாண ஸ்தல ஸ்தாபனச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்று மூன்று அடுக்கு. நிலவரியோடு சேர்த்து வாங்கிய செஸ் பணத்தில் ரோடு, சத்திரம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் நடந்தன. நிலம் இருக்கிறவன் வரி கட்டினான். அதனால் 'வரி கட்டறவங்க நாங்க, பள்ளிக்கூடம் எங்க தெருவுலதான் இருக்கணும்' என்றான். அந்த நிலத்தில் சேத்துக்குள்ளே நின்னு விளைய வெச்சது யாரு? அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

பள்ளிக்கூடம் அக்கிரகாரத்திலோ கோயில் பக்கத்திலோ இருந்தால் நம் பிள்ளைகள் தெருவுக்குள்ளேயே கால் வைக்க முடியாது. பிறகு எங்கே வகுப்புக்குள் நுழைவது? 1919இல் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியைப் பஞ்சமர் வரமுடியாத இடத்தில் வைக்கக்கூடாது என்பது அதன் சாரம். பல போர்டுகள் அதைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டன. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொதுச்சாலை, கிணறு, குளம், பொது அலுவலகம், பொதுக் கட்டடம் எல்லாம் எல்லாருக்கும் பாத்தியம் என்பதே அது. 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் அதே நியாயம் சட்டமாகவும் வந்தது. பொதுக்காசு போன இடத்தில் சாதி கதவடைக்கக்கூடாது. நம் முன்னோர்கள் கேட்டது தர்மம் இல்லை. கணக்கு கேட்டார்கள்.

ஆனால் சர்க்கார் இன்னொரு வழியும் கண்டுபிடித்தது. ஊர்ப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி ஊரோடு மல்லுக்கு நிற்பதைவிட, நமக்குத் தனிப்பள்ளி வைப்பது சுலபமாகப் பட்டது. லேபர் கமிஷனர் பொறுப்பில் லேபர் ஸ்கூல் வந்தது. 1949இல் அரிஜன நலத்துறை பிறந்தது. பின்னாளில் பெயர் மாறி, அவை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின. அந்தப் பள்ளி இல்லாவிட்டால் நம்மில் பலர் கையெழுத்துப் போடக் கற்றிருக்க மாட்டோம். அதை மறக்கக்கூடாது. ஆனால் ஒரே ஊரில் இரண்டு பள்ளி, இரண்டு அதிகாரி, இரண்டு பெட்டி என்று ஆனதும் அப்போதுதான்.

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1953இல் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டார். எங்க அப்பன் தொழில் என்ன என்று அவருக்குத் தெரியாதா? 1954இல் காமராஜர் அதை ரத்து செய்தார். 1958இல் கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தைத் தொடங்கினார். ஊரார் பணம், பொருள், உழைப்பு கொடுத்துப் பள்ளியைச் சீராக்குவது திட்டம். நல்ல காரியம், நாடு முழுக்கப் பேசினார்கள்.

எங்க ஊரில் அது எப்படி நடந்தது என்று எங்கப்பா சொல்லுவார்: "ஓடு குடுத்தவரு பேரு கல்லுல இருக்குது. மரம் குடுத்தவரு பேரு இருக்குது. மலையடிவாரத்துல கல்லு ஒடைச்சி தலையில சொமந்தவங்க நாங்க பத்துப் பதினஞ்சு பேரு. எங்க பேரு எங்கடா இருக்குது?" அப்பா சுமந்த கல்லில் கட்டிய அறையில் என்னைக் கடைசியில், சாக்குமேல் உட்கார வைத்தார்கள்.

1960 முதல் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. தொடக்கப்பள்ளிகள் அவற்றின் கைக்குப் போயின. 1981இல் ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனார்கள். கட்டடம் மட்டும் ஒன்றியத்திடமே தங்கிவிட்டது. இன்றும் சம்பளம் ஒரு துறை, சுவர் ஒரு துறை. நலப்பள்ளிக்குச் சுவர் எழுப்புவது 1974இல் உருவான தாட்கோ. மழையில் ஒழுகும்போது ஹெட்மாஸ்டர் எந்த வாசலில் நிற்பது?

இதற்கிடையில் சிப்காட் வந்தது. 1970களில் ஓசூரைச் சுற்றி நிலம் எடுத்தார்கள், கம்பெனிகள் எழும்பின. ஆலை எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்த உள்ளாட்சிக்குச் சொத்து வரியும் தொழில் வரியும். ஜூஜுவாடி, மூக்கண்டப்பள்ளி நகரத்தோடு சேர்ந்தன. 2019இல் ஓசூர் மாநகராட்சியே ஆனது. தளி, அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து விடியலில் பஸ் ஏறி வரும் நம் பையன், வேலை செய்யும் இடத்துக்கு வரி கட்டுகிறான். அவன் பிள்ளை படிக்கும் இடம் மலையோரப் பஞ்சாயத்து. அங்கே வரி கட்ட ஆலையும் இல்லை.

இதைச் சரிசெய்ய அரசியல் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 1992இல் நிறைவேறிய 74ஆவது திருத்தம் மாவட்டத் திட்டக்குழு வேண்டும் என்கிறது. கிராமமும் நகரமும் ஒன்றாக உட்கார்ந்து, பொதுவான வளங்களைப் பங்கிட்டுத் திட்டம் போடவேண்டும். மாநகராட்சியும் ஒன்றியமும் சேர்ந்து பள்ளிக்கூரைக்கு ஒரே பட்டியல் போட முடியும். சேரிப் பள்ளியை அந்தப் பட்டியலின் தலையில் வைக்கவும் முடியும்.

ஆனால் 'சேர்ந்து செய்வோம்' என்ற வார்த்தையை நாம் உரசிப் பார்க்க வேண்டும். 1997இல் வந்த நமக்கு நாமே திட்டம், ஊர் ஒரு பங்கு போட்டால் சர்க்கார் மீதியைப் போடும் என்றது. பங்கு போட வசதி இருக்கிற ஊருக்குக் கட்டடம் வரும். கூலிக்காரத் தெருவுக்கு? 1996 தேர்தலில் தனித்தொகுதியில் நம் ஆள் தலைவரானபோதும், காசோலையில் துணைத்தலைவர் கையெழுத்தும் வேண்டும் என்ற விதியை வைத்தே ஆதிக்க சாதியார் பல ஊர்களில் வேலையை நிறுத்தினார்கள். மதுரைப் பக்கம் மேலவளவில் தலைவரான முருகேசனை 1997 ஜூன் 30இல் வெட்டியே கொன்றார்கள்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் செத்தபிறகு, பழுதான கட்டடங்களை ஊர் ஊராக இடித்தார்கள். 2022இல் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை ஐந்தாண்டுக்கு 7,000 கோடி என்று அறிவித்தார்கள். பணம் வரட்டும். ஆனால் பணம் வந்த ஒவ்வொரு காலத்திலும் அது எந்தத் தெருவில் நின்றது என்பதே நம் சரித்திரம்.

கிராமசபைக்குப் போங்கள். நம்ம பொம்பளைங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று கேள்வி போதும்: எந்தப் பள்ளிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது? புதுக் கட்டடம் எந்தப் பக்கம் வருகிறது? பழையதை இடித்த இடத்தில் நம் பிள்ளைகள் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.